அக்காவின் வெட்டு

பரிசுக்கு என் பெயரைச் சொல்லி அழைத்தபோது நான் எழவில்லை.

மேடையில் கறுப்புத் துணியின் மேல் வைத்திருந்த நீலக் கோப்பை என்னுடையது அல்ல.

முடிவு சொல்லும்வரை கோப்பைகளை மூடியே வைத்திருந்தார்கள். இப்போதுதான் மூடியை எடுத்தார்கள். டோக்கியோவில் கிரிகோ என்னும் கோட்டுவேலைக் கண்ணாடி வெட்டுகிறவர்களில் பாதிப் பேர் அந்த மண்டபத்தில் கைதட்டிக்கொண்டிருந்தார்கள்.

பக்கத்தில் இருந்த மினாகோ அக்கா முழங்கையால் இடித்தாள்.

"எந்திரிடி ரூரி. எல்லாரும் பாக்குறாங்க."

எழுந்தேன். கையிலிருந்த நிகழ்ச்சி நிரலைச் சுருட்டிச் சுருட்டிக் குழலாக்கியிருந்தேன். அதைக் கீழே போடவும் தோன்றவில்லை.

அக்காவும் நானும் அப்பாவின் பட்டறையில் அடுத்தடுத்த வெட்டுச் சக்கரங்களில் உட்காருகிறவர்கள். இரண்டு பேரும் வெட்டியது ஒரே நீலக் கண்ணாடி, குறுக்கும் நெடுக்குமாகக் கோடு போடும் ஒரே மீன்முட்டைக் கோலம். நடுவர்களுக்கு வித்தியாசம் தெரிய வாய்ப்பில்லை.

எனக்குத் தெரியும். கோடுகள் ஒன்றையொன்று தாண்டும் இடத்தில் நான் மயிரிழை கூடுதலாக அழுத்திவிடுவேன்; முனை லேசாக மழுங்கும். அக்காவின் முனைகள் ஊசி.

மேடையில் இருந்தவை ஊசிகள்.

பட்டறைக்கு ஒரு கோப்பைதான் அனுப்பலாம் என்பது விதி. எங்கள் இரண்டையும் ஜன்னலோரம் வைத்து அரைநாள் பார்த்துவிட்டு, அப்பா என்னுடையதை அனுப்பச் சொன்னார். அக்கா சிரித்துக்கொண்டே என் முதுகில் தட்டினாள். மறுநாள் எனக்குக் காய்ச்சல். அவளேதான் பெட்டியில் வைத்துக் கட்டி, ரயிலேறிப் போய்க் கொடுத்துவிட்டு வந்தாள்.

பெட்டி மாறிவிட்டது. வேறென்ன இருக்க முடியும்?

மேடையேறினேன். நடுவர் குழுத் தலைவர் சான்றிதழை இரண்டு கையாலும் நீட்டினார். அப்பா இடுப்புப் பிடிப்போடு வீட்டில் கிடந்தார். வந்திருந்தால் அவர் கண்டுபிடித்திருப்பார். இப்போது நான் வாங்கிக்கொண்டால் கேட்பாரில்லை. தலைவரின் கைகள் நீட்டியபடியே இருந்தன.

நான் மைக் பக்கம் திரும்பினேன். இது என் அக்கா வெட்டியது, பெட்டி மாறிப் போயிருக்கிறது, பரிசு அவளைத்தான் சேர வேண்டும் என்று சொல்லிவிட்டுக் குனிந்து வணங்கினேன்.

மண்டபம் முன்னைவிடப் பலமாகக் கைதட்டியது. நடுவர்கள் தலைகளைச் சேர்த்துப் பேசினார்கள். பெயரை மாற்றிக்கொள்கிறோம் என்றார் தலைவர்.

திரும்பிப் பார்த்தேன். அக்காவின் இருக்கை காலியாக இருந்தது.

வெளியே காப்பி இயந்திரத்தின் அருகில் நின்றிருந்தாள். முகத்தில் ரத்தமே இல்லை. ஏன் வந்துவிட்டாய், உன்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று கையைப் பிடித்து இழுத்தேன். அவள் நகரவில்லை.

"பெட்டி மாறலடி. உன்னுது உடைஞ்சுபோச்சு. அதான் உன் பேர்ல என்னுத வெச்சேன்."

எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. கண்ணாடி என்றால் கை தவறத்தான் செய்யும். எங்கள் பட்டறையில் மாதத்துக்கு ஒன்றாவது போகும். யாரும் யாரையும் திட்டுவதில்லை. அதையே அவளிடம் சொன்னேன். கை தவறினதுக்கா இப்படி நிற்கிறாய் என்று கேட்டேன்.

உள்ளே அவள் பெயரை இரண்டாம் முறை அழைத்தார்கள்.

ஆமாம், கை தவறிவிட்டது என்று அக்கா சொல்வாள் என்று காத்திருந்தேன். "கை தவறலடி," என்றாள்.