உதறாத மணல்

கடைசி மேட்டில் ஏறியதும் ஷூவைக் கழற்றி மணலை உதறிவிட்டுத்தான் அஸ்தமனம் பார்க்க உட்கார வேண்டும். அது வழிகாட்டி காசிமின் வழக்கம். எல்லோரும் உதறினார்கள். ஞானசீலி மட்டும் உதறாமலே உட்கார்ந்துவிட்டாள். அவள் மகன் ஷிபின் இந்தப் பாலைவனத்தில்தான் லாரியோடு வழிதவறினான். லாரி கிடைத்தது, அவன் கிடைக்கவில்லை. பிறகு தேடுவதையும் நிறுத்திவிட்டார்கள். இவ்வளவு தூரம் உள்ளே வர, இந்தச் சுற்றுலாவை விட்டால் அவளுக்கு வேறு வழி இருக்கவில்லை.

அவளால் குனிய முடியவில்லை போலும் என்று நினைத்து, காசிம் அவள் முன்னால் மண்டியிட்டு ஷூ நாடாவைத் தொட்டான். அவள் காலை இழுத்துக்கொண்டாள்.

"இருக்கட்டும் மக்களே," என்றாள், தன் மகனைக் கூப்பிடுவதுபோல.

"கீழ இறங்கறதுக்குள்ள கால் புண்ணாயிடும்மா. பாலைவனத்தையே ஊருக்குத் தூக்கிட்டுப் போகப் போறீங்களா?"

கூட வந்தவர்கள் சிரித்தார்கள்.

"ரெண்டு ஷூவுல எவ்வளவு கொள்ளும் மக்களே?" என்றாள்.

சூரியன் மணலைத் தொட்டது. எல்லோரும் பேச்சை விட்டு அந்தப் பக்கம் திரும்பினார்கள். அவள் திரும்பவில்லை. கையூன்றி எழுந்து நின்றாள். உள்ளங்காலுக்கு அடியில் மணல் மெல்ல நகர்ந்தது. அதற்கு வலித்துவிடக் கூடாதே என்று, அடுத்த அடியை மெதுவாக எடுத்து வைத்தாள்.