அண்ணன் வீட்டு ஊசி

"உங்க வார்டுல ஒரே ஒரு குழந்தைதான் பாக்கி. யார் வீட்டுக் குழந்தைன்னு நான் சொல்லணுமா சிஸ்டர்?"

டாக்டரம்மா லிஸ்டை மேஜைமேல் திருப்பி வைத்தார். நர்ஸ் அதைப் பார்க்கவே இல்லை. அவளுடைய அண்ணன் குழந்தைதான். ஒன்பது மாதம் முடிந்துவிட்டது. ஒரு தடுப்பூசிக்குக்கூட டிக் இல்லை.

"வீடு வீடாப் போய் ஊசி போடச் சொல்றீங்க. 'முதல்ல உங்க அண்ணனுக்குச் சொல்லுங்க'ன்னு யாராவது கேட்டா?"

"நேத்தே ஒருத்தங்க கேட்டுட்டாங்க மேடம்."

அன்று மாலையே அண்ணன் வீட்டுக்குப் போனாள். அங்கேயே இருக்கும் அம்மா, வாசலில் மறித்துக்கொண்டாள்.

"மருந்துப் பையை வெளியில வெச்சுட்டு உள்ள வா. இந்த வீட்டுல ஒரு காலை ஊசிக்குக் கொடுத்தது போதும்."

நர்ஸுக்கு இடது கால் சூம்பியிருக்கும். சாய்ந்து சாய்ந்துதான் நடப்பாள். அவளுக்கு மூன்று வயதிருக்கும்போது, பத்து வயது அண்ணன் யாரிடமும் சொல்லாமல் அவளை முகாமுக்குத் தூக்கிப் போய் ஊசி போட்டுக் கூட்டி வந்தானாம். அதில்தான் கால் போயிற்றாம். முப்பது வருஷமாக அம்மா சொல்லிவரும் கதை இது.

அது இளம்பிள்ளை வாதம், ஊசியால் வருவதில்லை என்று நர்ஸிங் படிக்கும்போதே அவளுக்குத் தெரிந்துவிட்டது. எத்தனையோ தடவை சொல்லியும் பார்த்தாயிற்று. "மூணு வயசுல நீ என்னத்தைக் கண்டே?" என்று அம்மா ஒரே வரியில் வாயை அடைத்துவிடுவாள்.

"அண்ணா, நீயாவது சொல்லேன்."

அண்ணன் குழந்தையை வலது தோளிலிருந்து இடது தோளுக்கு மாற்றிப் போட்டுக்கொண்டான்.

"அம்மா சொல்றதுதான் எனக்கும். ஊசியெல்லாம் வேண்டாம். வைத்தியர் எண்ணெய் கொடுத்திருக்கார். அது போதும்."

அண்ணி எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குள் போனாள். வந்த வழியே திரும்பினாள் நர்ஸ்.

அடுத்த வாரம், ஊனச் சான்றிதழைப் புதுப்பிக்கப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியிருந்தது. க்ளார்க் அவளுடைய பழைய கோப்பைத் தேடி எடுத்து, தூசி தட்டிக் கொடுத்தார். முப்பது வருஷத்துத் தாள். மை மங்கியிருந்தாலும் எழுத்து தெளிவாகவே இருந்தது.

'காய்ச்சல் ஐந்து நாளாக. இடது கால் துவண்டது நேற்று முன்தினம். முகாமில் ஊசி போட்டது நேற்று. அதற்கு முன் தடுப்பு மருந்து எதுவும் கொடுக்கவில்லை, தாய் மறுத்துவிட்டார். வீட்டில் கஷாயம்.'

இரண்டு தடவை படித்தாள். அம்மாமேல் கோபம்கூட வரவில்லை. அண்ணன் முகம்தான் கண்முன் வந்தது. நகல் எடுத்துக்கொண்டு நேராக அவன் வேலை செய்யும் லேத் பட்டறைக்குக் கிளம்பினாள்.

அந்தத் தெரு அவளுக்கு மனப்பாடம். அஞ்சாம் கிளாஸ் வரைக்கும் அதே தெருவில் அண்ணன் முதுகில்தான் பள்ளிக்கூடம் போனாள். அவன்தான் பஸ், அவன்தான் டிரைவர், அவனே கண்டக்டர். "தையல் கடையெல்லாம் இறங்கு!" என்பான். தண்ணீர்த் தொட்டி வந்ததும் "பஸ் பஞ்சர்" என்று குனிந்து நின்று மூச்சு வாங்குவான். அவள் இறங்கவே மாட்டாள். "போலாம் ரைட்!" என்று அவன் காதுக்குள் கத்துவாள். எவ்வளவு மழை பெய்தாலும் அவள் ஷூ நனைந்ததே இல்லை. அவன்தான் முழங்கால்வரை சேறோடு கிளாஸ் வாசலில் நின்று திட்டு வாங்குவான்.

தையல் கடை இப்போது செல்போன் கடை. தொட்டி மட்டும் அப்படியே இருந்தது.

பட்டறையில் சாப்பாட்டு நேரம். மெஷின்கள் ஓய்ந்திருந்தன. அண்ணன் வேஸ்ட் துணியில் கை துடைத்துக்கொண்டே வந்தான்.

"என்ன குருவி, இந்த வெயில்ல?"

தாளை நீட்டினாள்.

"படிச்சுப் பாருண்ணா. உன்மேல தப்பே இல்ல. ஊசிக்கு முந்தின நாளே என் கால் போயிடுச்சு. முப்பது வருஷமா நீ சும்மா..."

அவன் நிதானமாகப் படித்தான். மடித்து அவள் கையிலேயே கொடுத்தான்.

"எனக்குத் தெரியும்மா."

"என்னது?"

"முதுகுல ஏத்தினா நீ சும்மாவா வருவே? ரெண்டு காலாலயும் உதைச்சுக்கிட்டே வருவே. அன்னிக்கு ஒரு கால்தான் உதைச்சுது. அந்தப் பயத்துலதான் நான் முகாமுக்கே ஓடினேன்."

நர்ஸ் அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள்.

"தெரிஞ்சுமா இத்தனை நாள் பேச்சு வாங்கினே? தெரிஞ்சுமா உன் குழந்தைக்கு ஊசி வேண்டாங்கறே?"

அவன் டூல்ஸ் டிராயரைத் திறந்தான். அரங்களுக்கு அடியிலிருந்து பிளாஸ்டிக் உறை போட்ட ஒரு அட்டையை எடுத்தான். குழந்தையின் தடுப்பூசி அட்டை. பிறந்ததிலிருந்து ஒன்பதாம் மாதம்வரை ஒரு ஊசி விடாமல் தேதியும் டாக்டர் முத்திரையும் இருந்தன. முத்திரையில் இருந்தது, ஒரு மணி நேரம் பஸ்ஸில் போக வேண்டிய ஊரின் பெயர்.

"உங்க அண்ணியோட அம்மா வீட்டுக்குப் போறோம்னு சொல்லிட்டுப் போய்ப் போட்டுட்டு வந்தோம். உன் லிஸ்ட்ல எழுதிக்கோ. வீட்டுல மட்டும் மூச்சு விடாதே."

"அப்புறம் எதுக்குண்ணா அந்த எண்ணெய், வைத்தியர், நாடகம் எல்லாம்?"

அண்ணன் டிராயரை மெதுவாகச் சாத்தினான்.

"ஊசிமேல தப்பில்லேன்னு நான் சொல்லிட்டா, அப்போ யார்மேல தப்புன்னு அம்மா தேடுவாங்க. தேடினா, அங்க அவங்களைத் தவிர வேற யாரும் இல்லம்மா."