பின் சீட்டு

காளியம்மாவின் தோளில் கயிற்றின் ஒரு முனையை வைத்து, மறுமுனையை இடுப்புவரை இழுத்து அளந்துகொண்டிருந்தான் சின்னையா. தண்ணீர்க் குடத்தோடு வந்த மருதம்மாள் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"ரவிக்கை தைக்கப் போறீங்களோ?" என்றாள் புருஷனிடம்.

"கார் சீட்டுக்குத்தான் அளவு பாக்குறேன். ஜப்பான்காரன் சாஞ்சா முதுகு எதுவரைக்கும் வரும்னு தெரிய வேணாமா?"

"அதுக்கு வீட்டுல நான் இல்லையா?"

"நீ அவனவிட உசரம். இவதான் அவன் அளவு."

காளியம்மா சிரிக்கவில்லை. "வரேன்க்கா" என்று தலையைக் குனிந்தபடி பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டாள். அவள் சிரித்திருந்தால்கூட மருதம்மாளுக்கு மனசு ஆறியிருக்கும்.

மலாயாவில் லூனாஸ் பக்கத்து ரப்பர் தோட்டத்தில், ஜப்பான்காரன் வந்ததும் வெள்ளைக்காரத் துரை ஓடிப்போனபோது விட்டுச்சென்ற கறுப்புக் கார் அது. இப்போது அதில் ஜப்பான் அதிகாரி போகிறான், சின்னையா ஓட்டுகிறான். எலி கடித்த பின் சீட்டிலிருந்து ஸ்பிரிங் நீட்டி அதிகாரியைக் குத்திய அன்று, சின்னையாவின் கன்னம் வீங்கியது. சனிக்கிழமை பண்டார் பாரு பயணத்துக்குள் சீட்டு புதுசாக வேண்டும் என்று உத்தரவு.

சீட்டைக் கழற்றி, கூலிக்காரர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்தில் இருந்த தன் வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டான். அந்த ஒற்றை அறையில் அது மருதம்மாளுக்குச் சீட்டாகத் தெரியவில்லை, கட்டிலாகத் தெரிந்தது.

மறுநாளிலிருந்து காளியம்மா தேங்காய் நார் பிரிக்க வந்தாள். இருவரும் தலையோடு தலை சேர்த்துக் குசுகுசுவென்று பேசுவார்கள். மருதம்மாளின் காலடி கேட்டதும் நாரைப் பார்ப்பார்கள். ஒடிந்த கதவுத் தாழ்ப்பாளை ஒரு வருஷமாகத் தொடாத கை, அந்தக் கான்வாஸ் துணியில் எத்தனை பொறுமையாகத் தையல் போட்டது!

அடுப்பங்கரையில் அவள் காலில் ஸ்பிரிங்குகள் இடறின. சீட்டிலிருந்த எட்டும் அங்கேதான் கிடந்தன.

"இத வெளிய போட்டுட்டு எதத் தைக்கிறீங்க?"

"துருப் புடிச்சது. வேணாம்."

கவனம் வேலையில் இருந்தால்தானே என்று நினைத்துக்கொண்டாள்.

காளியம்மாவின் புருஷன் அய்யாவு போன வருஷம் ஜப்பான்காரர்களால் சயாம் ரயில் பாதை வேலைக்குப் பிடித்துச் செல்லப்பட்டவன். அதன்பிறகு ஒரு சேதியும் இல்லை. அந்தப் பட்டியலில் அவன் பேரை எழுதியது கூலிகளை மேய்க்கும் தோட்டத்து மண்டோர் நடராஜா, மருதம்மாளின் சொந்த அண்ணன். அன்றிலிருந்து மருதம்மாளால் காளியம்மாவின் முகத்தை நேராகப் பார்க்க முடிந்ததில்லை. இப்போது முடிந்தது. அவள் கெட்டவளாகவே இருக்கட்டும் என்று உள்ளுக்குள் ஏதோ ஒன்று ஆசைப்பட்டது. அந்த ஆசை மருதம்மாளுக்கே அருவருப்பாக இருந்தது, ஆனாலும் விடவில்லை.

வெள்ளிக்கிழமை மரவள்ளிக் காட்டில் தலைவலி என்று சொல்லிவிட்டு, உச்சி வெயிலில் திரும்பி வந்தாள். லயம் முழுக்க வேலைக்குப் போயிருந்தது. சின்னையா உள்ளே இருந்தும் அவள் வீட்டுக் கதவு சாத்தியிருந்தது.

உள்ளே காளியம்மா விசும்பும் சத்தம். பிறகு புருஷனின் குரல், மருதம்மாளிடம் அவன் ஒருநாளும் பேசாத குழைவோடு:

"இன்னும் ஒரு ராத்திரிதான். நாளைக்குக் கெளம்பிட்டோம்னா அப்புறம் ஒருத்தனும் தொட முடியாது."

மருதம்மாள் கதவை உதைத்தாள். தாழ்ப்பாள் இல்லாத கதவு சுவரில் மோதித் திறந்தது. தைத்து முடித்த சீட்டு தரையில் இருக்க, காளியம்மா அதன்மேல் கை வைத்து மண்டியிட்டிருந்தாள்.

"எங்கடி கெளம்புறீங்க ரெண்டு பேரும்?"

"கத்தாத மருதம்மா, வழியில போற யாருக்காவது கேக்கும்" என்றான் சின்னையா.

"கேக்கட்டும்! அண்ணனைக் கூட்டிட்டு வரேன். உங்க பேரையும் சயாமுக்கு எழுதச் சொல்றேன்!"

சொன்ன பிறகுதான் தன் வாயிலிருந்து வந்தது என்ன என்று அவளுக்கே உறைத்தது. காளியம்மா ஓடிவந்து காலைப் பிடித்தாள்.

"அக்கா, என்னை என்ன வேணாலும் பண்ணுங்க. மண்டோர் மட்டும் வேணாங்க்கா!"

"வாய்க்கு வாய் என்னை அக்கா, இவரை அண்ணே! அந்த அண்ணனோடதான் ஓடப் போறியா?"

காலை உதறிக்கொண்டு, சுவரில் செருகியிருந்த, ரப்பர் பால் வெட்டும் கத்தியை உருவினாள். புருஷனை வெட்ட மனம் வராது, அவளையும் வெட்ட முடியாது. அந்த மூன்று நாள் தையலையாவது நார் நாராகக் கிழித்துப் போட வேண்டும்.

கத்தி ஓங்கியதும் காளியம்மா பாய்ந்து சீட்டின்மேல் குப்புற விழுந்தாள்.

"குத்தணும்னா என்னைக் குத்துங்க!"

"போயும் போயும் ஒரு சீட்டுக்காடி உசுரக் குடுக்குற?"

காளியம்மா சீட்டை இன்னும் இறுகக் கட்டிக்கொண்டாள். சின்னையா கதவைச் சாத்தி, அதில் முதுகை அழுத்திக்கொண்டு நின்றான். அவன் முகம் வெளிறியிருந்தது.

கான்வாஸுக்கு உள்ளேயிருந்து, வறண்ட தொண்டையோடு ஓர் ஆண் குரல் வந்தது.

"அக்கா, நான் அய்யாவு."