ஆயுள் அளவு

எங்கள் கடை மோதிரம் ஆயுசுக்கும் இறுகாது, கழலாது. மெஷினில் ஒருமுறை விரலை வைத்தால் போதும், எந்த வயதில் அது எவ்வளவு பருக்கும், எவ்வளவு மெலியும் என்று திரையில் வரிசையாக வந்துவிடும். மோதிரமும் அதற்கேற்ப விரியும், சுருங்கும்.

நிச்சயதார்த்த மோதிரத்துக்கு வந்த மாப்பிள்ளையின் அளவு எண்பத்து மூன்று வயதுவரை ஓடியது. மணப்பெண் இளவேனிலுக்கு இப்போது இருபத்தாறு. அவள் அளவு முப்பத்தொன்றோடு நின்றது. அதற்குமேல் வெறும் திரை.

அவள் மாப்பிள்ளையோடு கல் தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்தாள். நான் திரையைத் திருப்புவதற்குள் அவள் அப்பா பார்த்துவிட்டார்.

"மெஷின் தப்பாக் காட்டுமா?"

"இதுவரைக்கும் காட்டினதில்லைங்க."

மூன்று வருஷம் அலைந்து பிடித்த சம்பந்தம் என்று வரும்போதே சொல்லியிருந்தார். கல்யாணத்தை நிறுத்திவிடுவார் என்று நினைத்தேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"இதே மோதிரத்தைப் பின்னாடி வேற விரலுக்கு மாத்திக்கலாமா?"

"அந்த விரலோட அளவு இருந்தா மாத்தலாம்."

வாசலில் போனைப் பார்த்துக்கொண்டு நின்ற சின்ன மகளை அவர் கூப்பிட்டார்.

"மகிழ், இங்க வாம்மா. நீயும் ஒருதடவை விரலை வெச்சுப் பாரு."