கால்மாட்டுச் சிலுவை

சித்தூர் கல்லறைத் தோட்டத்தில் காலை வெயில் இன்னும் சூடேறவில்லை. லீனாவின் கணவருக்கு நேற்று நட்ட சிலுவையைக் கொத்தனார் ஜெயச்சந்திரன் பெயர்த்துக்கொண்டிருக்கிறார். கேட்டிலிருந்து பார்த்தால் தெரியட்டும் என்று கிழக்கே, கால்மாட்டில் நட்டுவிட்டார். "கடைசி நாள்ல கர்த்தர் கெழக்கால இருந்து வருவாரு. இவரு எழுந்து ஒக்காந்தா எதிர்ல இது மறைக்கும்," என்கிறாள் லீனா. "எங்கள்ல எரிச்சிடுவோம்மா, இது எனக்குத் தெரியல." உளி இறங்கும்போதெல்லாம் சிமென்ட் தெறிக்கிறது. சிலுவை தலைமாட்டுக்கு வந்ததும், அதன் அடியில் கலவை போடப் போகும் ஜெயச்சந்திரனை லீனா நிறுத்தி, கைப்பையிலிருந்து கணவரின் மூக்குக்கண்ணாடியை எடுத்து முந்தானையால் துடைக்கிறாள். "இதையும் உள்ள வெச்சிடுப்பா." "எழுந்தா புது உடம்பு வரும்னு உங்காளுங்க சொல்வாங்களேம்மா." "உடம்புன்னுதான் எழுதிக்கீது. கண்ணைப் பத்தி தனியா ஒண்ணும் இல்ல." ஜெயச்சந்திரன் கண்ணாடியை வாங்கி, அதன் மடிந்த காதுக்கம்பிகளை விரித்து, கிழக்கு பார்க்க வைத்துவிட்டுக் கலவையை அள்ளுகிறார்.