ஜன்னலை எட்டாத நீலம்

"ஆளுயரத்துக்கு வளரும்னு சொல்லித்தானே கொடுத்தீங்க தம்பி? பூத்து முடியப் போகுது, இன்னும் என் இடுப்பையே எட்டல. ஜன்னலை எப்ப எட்டுறது?"

நாற்றுத் தட்டு மாறிப்போயிருக்கும் என்று நர்சரிக்காரர் தலையைச் சொறிந்தார். கேள்வி கேட்ட கணவரின் பக்கத்தில் நின்ற அவளுக்கு முகம் சிறுத்தது. தட்டு தானாக மாறவில்லை, மாற்றியவள் அவள்.

அவர்கள் வீட்டுத் தோட்டத்தில் டெல்ஃபினியம் பூச்செடி என்றால் எப்போதும் நெட்டை ரகந்தான். நீலப் பூங்கதிர்கள் ஜன்னலுக்கு மேலே எழும். காற்றில் ஒடியாதிருக்க, கழி நட்டு, ஸ்டூலில் ஏறி ஒவ்வொன்றாகக் கட்டுவார் கணவர். அவள் ஸ்டூலைப் பிடித்துக்கொள்வாள். சென்ற ஆண்டு ஸ்டூல் ஆடியது. மனிதர் செடிகளோடு செடியாகச் சாய்ந்தார். அவர் காலில் நடுக்கம் வந்துவிட்டது என்று அவளுக்குப் புரிந்தது. ஆனால், நாளெல்லாம் நின்றே ரயில் ஓட்டிய கால்கள் என்று இன்னமும் பெருமை பேசுபவரிடம் அதை எப்படிச் சொல்வது? ஆகவே, இந்த ஆண்டு அவர் நெட்டை நாற்றுக்குச் சொல்லிவைத்த மறுநாள் காலையில் தனியாக வந்து, கழியே தேவைப்படாத குட்டை ரகத்துக்கு மாற்றச் சொன்னாள்.

பூத்த நாள் முதல் அவர் செடிகளின் அருகே நாற்காலி போட்டு அமர்ந்து, பூக்களையே பார்த்துக்கொண்டிருந்தார். உயரம் இல்லாத வருத்தம் என்று எண்ணி, அவள் உள்ளுக்குள் தவித்தாள்.

கணவரின் கோபம் அடங்குவதாயில்லை. இதற்குப் பிளாஸ்டிக் பூ விற்கலாமே என்றார். அடுத்த முறையும் இப்படியென்றால் இந்தப் படியையே மிதிக்கப் போவதில்லை என்று சொல்லிவிட்டு, உரமூட்டைகள் இருந்த பக்கம் போனார்.

அவள் குரலைத் தாழ்த்தினாள். "என்னால உங்களுக்குத்தான் வீண் பேச்சு தம்பி. இனிமே மறைக்க வேண்டாம். நானே அவர்கிட்ட உண்மையைச் சொல்லிடறேன்."

"வேண்டாம்மா, சொல்லிடாதீங்க," என்று பதறினார் நர்சரிக்காரர். "நீங்க வந்துட்டுப் போன அன்னிக்குச் சாயங்காலமே அவரும் தனியா வந்து, குட்டை ரகமே கொடுங்கன்னார். 'ஸ்டூலைப் பிடிக்க அவ கையில பலம் இல்ல, சொன்னா மனசு நொந்துடுவா'ன்னார். இன்னிக்கு வந்து திட்டப் போறதைக்கூட நேத்தே போன்ல சொல்லிட்டாரும்மா. சத்தம் போடாம விட்டா உங்களுக்குச் சந்தேகம் வந்துடுமாம்."