எந்தப் பார்ட்டை மாற்றுவது?

ஆட்டத்தின் நடுவில் தமிழ்க்குமரனின் கம்ப்யூட்டர் மறுபடியும் அணைந்துபோனது.

எதிரி கண்ணெதிரே நிற்கிறான். சுட வேண்டியதுதான் பாக்கி. பட்டென்று திரை கறுத்துவிட்டது. திரும்ப ஆன் பண்ணி உள்ளே நுழைவதற்குள் அவனுடைய டீம் தோற்றிருந்தது.

டீம் கேப்டன் போனில் கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது. சனிக்கிழமை போட்டியிலும் இப்படி ஆச்சுன்னா வேற ஆளைப் பார்த்துக்கறோம் என்று மெதுவாகச் சொல்லிவிட்டு வைத்துவிட்டான்.

தமிழுக்கு இருப்புக் கொள்ளவில்லை. படிப்பை முடித்துவிட்டு கரையாம்புத்தூரில் வேலை தேடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிற பையன். போட்ட அப்ளிகேஷன் ஒன்றுக்கும் பதில் இல்லை. அவன் வரவில்லை என்றால் தேடுகிற இடம் என்று ஒன்று இருந்தால், அது இந்த டீம் மட்டும்தான்.

ரேமைக் கூட்டிப் பார்த்தாயிற்று. பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிவிட்டு எஸ்.எஸ்.டி. போட்டாயிற்று. ஆட்டம் சீக்கிரமாகத் திறந்தது, அவ்வளவுதான். அணைவது நிற்கவில்லை. மிச்சம் இருப்பது கிராஃபிக்ஸ் கார்டு. அதை மாற்றினால் எல்லாம் சரியாகிவிடும் என்று அவன் பார்த்த வீடியோக்கள் சொல்லின.

அப்பா முத்துசாமியிடம் அதை வேறு மாதிரி சொன்னான். புது கார்டு இருந்தால்தான் டிசைன் வேலைக்குப் பழக முடியும், இன்டர்வியூவில் கேட்கிறார்கள் என்றான். கரும்பு போடுகிற மனிதருக்கு அதெல்லாம் என்ன தெரியும்? அவர் மறுபேச்சு பேசவில்லை. மறுநாள் காலை பணத்தைக் கொண்டுவந்து கையில் கொடுத்தார்.

அன்று மத்தியானமே சி.பி.யூ.வை வண்டியில் கட்டிக்கொண்டு வில்லியனூருக்குப் போய்விட்டான்.

கடையில் ஷிபானா இருந்தாள். அந்தப் பக்கத்துப் பசங்களின் கம்ப்யூட்டர் எல்லாம் அவள் கையால் பிரித்து மாட்டியவைதான். அவன் கேட்ட கார்டை எடுத்துக் கொடுக்காமல், முதலில் மெஷினைத் திறந்து மாட்டி ஓட்டிப் பார்த்தாள். ரொம்ப நேரம் ஓடியது. அணையவே இல்லை.

"வூட்ல எந்த நேரத்துல அணையுது?"

"சாயங்காலம்தான். பகல்ல ஒண்ணும் ஆவறதில்ல."

"அப்ப லைட்டு மங்குதா? ஃபேன் மெதுவா சுத்துதா?"

யோசித்துப் பார்த்தான். ஆமாம், பொங்கலுக்கு அப்புறம் தினமும் அப்படித்தான்.

"கார்டு மேல தப்பில்ல. வோல்டேஜ் இறங்குது. புது கார்டு இன்னும் கூடத்தான் கரண்ட் இழுக்கும். முதல்ல நல்ல பவர் சப்ளை ஒண்ணு, ஒரு யூ.பி.எஸ். ரெண்டையும் போடுங்க. கார்டை அப்புறம் பார்க்கலாம்."

அவனுக்கு மனசு ஒப்பவில்லை. பவர் சப்ளை என்பது உள்ளே ஒளிந்துகிடக்கிற ஒரு தகரப் பெட்டி. யூ.பி.எஸ். மேசைக்கடியில் கிடக்கும். இருக்கிற பணத்தை இந்த ரெண்டுக்கும் கொடுத்துவிட்டால் கார்டு அவ்வளவுதான். யோசித்துவிட்டு வருகிறேன் என்று ஒன்றும் வாங்காமல் கிளம்பினான்.

வழியெல்லாம் ஒரே கேள்வி. சாயங்காலம் மட்டும் ஏன் வோல்டேஜ் இறங்க வேண்டும்?

ஊர் எல்லையில் வண்டி திரும்பும்போது பதில் காதிலேயே விழுந்தது. தூரத்தில் ஒரு மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. அவர்கள் கரும்புக் கொல்லைக்குப் பக்கத்து நிலத்துக்காரி விஜயகுமாரியின் மோட்டார். ஊரில் எல்லோரும் விடிகாலையிலேயே தண்ணீர் பாய்ச்சி முடித்துவிடுகிறார்கள். இந்த அக்கா மட்டும் சாயங்காலத்தில் ஓட்டுகிறது. வீடு வீடாக லைட்டும் ஃபேனும் டி.வி.யும் ஓடுகிற நேரம் அது. வீடுகளுக்கும் கொல்லைகளுக்கும் ஒரே டிரான்ஸ்ஃபார்மர். வோல்டேஜ் எப்படி நிற்கும்?

கண்டுபிடித்துவிட்ட சந்தோஷமும் கோபமும் ஒன்றாகச் சேர்ந்து கிளம்பின. இதை நிறுத்தச் சொன்னால் போதும். யூ.பி.எஸ்.சும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம். கையில் இருக்கிற பணத்துக்கு நாளைக்கே கார்டை வாங்கிவிடலாம்.

வீட்டுக்குப் போகவில்லை. வரப்போரம் வண்டியை நிறுத்திவிட்டு நேராக மோட்டார் கொட்டகைக்கு நடந்தான்.

விஜயகுமாரி முழங்கால் வரைக்கும் சேற்றோடு, மண்வெட்டியால் மடை திருப்பிக்கொண்டிருந்தாள். அவனைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"இன்னா தம்பி, கொல்லைப் பக்கம் உன்னப் பார்த்து எவ்ளோ நாளாச்சு?"

அவன் நலம் விசாரிக்கிற மனநிலையில் இல்லை. "அக்கா, நீங்க தினம் இந்த நேரத்துல மோட்டார் போடறதால எங்க வூட்ல கரண்டே நிக்கமாட்டேங்குது. நான் வேலைக்குத் தயார் பண்ணிட்டிருக்கேன். கம்ப்யூட்டர் அணைஞ்சு அணைஞ்சு போவுது. ஒருத்தருக்காக ஊரே கஷ்டப்படணுமா?"

சண்டைக்கு வருவாள் என்று எதிர்பார்த்து, அடுத்த வார்த்தையையும் தயாராகத்தான் வைத்திருந்தான். அவளோ மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டாள்.

"தெரியாம போச்சே தம்பி. அன்னிக்கே சொல்லியிருந்தா நிறுத்தியிருப்பேனே."

சேற்றுக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு கொட்டகைக்குள் போனாள். சிவப்புப் பட்டனை அழுத்தினாள். மோட்டார் உறுமி அடங்கியது. வாய்க்காலில் ஓடிய தண்ணீர் மெல்ல மெல்லச் சிறுத்து நின்றது.

இவ்வளவு சுலபமாக முடிந்துவிட்டதே என்று தமிழுக்கே ஆச்சரியம். கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது. உங்களுக்கு ஒன்றும் சிரமம் இல்லையே என்று பேச்சுக்குக் கேட்டு வைத்தான்.

"எனக்கு இன்னா சிரமம்? எங்க கொல்லைக்குக் காலையிலயே பாய்ஞ்சிடுது. அப்பாகிட்ட மட்டும் நீயே ஒரு வார்த்தை சொல்லிடு தம்பி. உங்க மோட்டார் எரிஞ்சதுலேருந்து சாயங்காலத் தண்ணி உங்க கரும்புக்குத்தான் வுடறேன். மோட்டாருக்குப் புதுக் காயில் கட்ட வச்சிருந்த பணத்தப் பையன் கம்ப்யூட்டருக்குக் கொடுத்துட்டேன், இன்னும் கொஞ்ச நாளைக்கு வுடும்மான்னு காலையிலதான் கேட்டுட்டுப் போனாரு."